சரக்குக் கப்பலில் பயணியாகச் செல்வோரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி – எல்பேக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையைச் சேர்ந்தவன். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வசிப்பதால், ஆண்டில் சில மாதங்களை நானும் என் மனைவியும் அங்கே கழிக்கிறோம். எல்பே ஆற்றங்கரையில் மாலை நடை போகும்போது, கன்டெய்னர்களை அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்ட கப்பல்கள், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுவழியைக் கடந்து வட கடலை அடையப் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சூயஸ் கால்வாயையும் மலாக்கா நீரிணையையும் வரைபடத்தில் காட்டியே பாடம் நடத்திக் காலம் கழிந்துவிட்டது; அவற்றை ஒருமுறையேனும் கப்பல் தளத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆவல்.

இத்தகைய கப்பல்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு சில பயணிகளை ஏற்றிச் செல்வதுண்டு என்று இங்கே ஒரு நண்பர் சொன்னார். உல்லாசக் கப்பலைப் பற்றி நான் கேட்கவில்லை. அதில் எனக்கு நாட்டமில்லை. சரக்குக் கப்பலில் ஒரு பயணி காலையிலிருந்து இரவு வரை எப்படிப் பொழுதைக் கழிக்கிறார், மாலுமிகள் அவரை எப்படி நடத்துகிறார்கள், சைவ உணவு உண்பவர் என்ன செய்வது, அறுபதைக் கடந்தவருக்கு நடுக்கடலில் உடல்நலம் கெட்டால் வழி என்ன, பெண்களுக்கு அந்தச் சூழல் ஒத்துவருமா என்பனவற்றை, சென்றுவந்தவர்களோ கப்பலில் பணியாற்றுபவர்களோ விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – கிள்ளான்_துறை

ஐயா, வணக்கம். நான் மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவன். 2018ஆம் ஆண்டில் பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கப்பலில் ஏறி, சூயஸ் வழியாக வந்து எங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே இறங்கினேன். மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 யூரோ என்ற கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். மூன்று வேளை உணவும் அதில் அடக்கம்.

புறப்படும் நாள் உறுதியாகத் தெரியாது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய துறைமுகத்தில் காற்று பலமாக வீசிக் கிரேன்கள் நின்றுபோனால், உங்கள் கப்பல் இரண்டு நாள் தாமதமாக வரும். அதுவரை விடுதியில் காத்திருக்க வேண்டியதுதான். துறைமுக வாயிலில் கடவுச்சீட்டைச் சரிபார்த்து, ஒளிரும் மேலங்கி அணிவித்து, வாகனத்தில் ஏற்றிக் கப்பலருகே கொண்டுபோய் விடுவார்கள். பாதுகாப்பு விதிகளின்படி அந்த வளாகத்துக்குள் நடந்து செல்லக் கூடாது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கேங்வே ஏணி செங்குத்தானது, உயரமும் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கப்பலுக்குள்ளும் மின்தூக்கி எப்போதும் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது.

எனக்குக் கொடுத்த கேபின் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது: கட்டில், சோபா, எழுதுமேசை, சிறிய குளிர்பதனப் பெட்டி, உள்ளேயே குளியலறை. ஆனால் சன்னலைத் திறந்தால் கடல் தெரியவில்லை. இரண்டு அடி தள்ளி ஒரு கன்டெய்னரின் துருப்பிடித்த கதவுதான் தெரிந்தது. வழியில் ஒரு துறைமுகத்தில் அந்த வரிசையை இறக்கிய பிறகுதான் அறைக்குள் வெளிச்சம் வந்தது. எந்தக் கேபின், சன்னல் எந்தப் பக்கம் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏறிய உடனே மூன்றாம் நிலை அதிகாரி ஒருவர் வந்து, உயிர்காப்பு அங்கியையும் குளிர்நீரில் மிதப்பதற்கான முழு உடற்கவசத்தையும் அணியச் செய்து, ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதைக் காட்டினார். அதன் பிறகு நாள்களை மணியடித்து நடத்தியது உணவறைதான். காலை ஏழரை, நண்பகல், மாலை ஐந்தரை. இந்த நேரங்கள் மாறுவதே இல்லை. அதிகாரிகள் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். மேசையில் பேச்சு குறைவாக இருப்பதைக் கண்டு முதல் சில நாள்கள், நான் வந்தது இவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று எண்ணினேன். அவர்களில் பாதிப் பேர் இரவுக் காவல் முடித்துத் தூங்கப் போகிறவர்கள், மீதிப் பேர் காவலுக்குப் போகிறவர்கள் என்பது பின்னர் விளங்கியது. அதே மனிதர்கள், பணி இல்லாத ஞாயிறு மாலைகளில், வீட்டுப் படங்களைக் காட்டி மணிக்கணக்கில் பேசினார்கள்.

கிழக்கு நோக்கிப் போவதால் சில நாள்களுக்கு ஒருமுறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டுவார்கள். மேற்கே போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கமாகக் கிடைக்கும். எங்களுக்கு அது பறிபோனது.

பொழுது போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேப்டன் அனுமதித்தால், நடுக்கடலில் பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறைக்கு, எந்நேரமும் போய் நிற்கலாம். இரவில் அங்கே விளக்கே இருக்காது; கருவிகளின் மங்கிய ஒளி மட்டும்தான். கண் பழகக் கால் மணி நேரமாவது ஆகும். பழகிய பிறகு தொடுவானம் வரை விண்மீன்கள் தெரியும். பகலில் தலைக்கவசம் அணிந்து, பிரிட்ஜுக்குச் சொல்லிவிட்டு, முன்முனை வரை நடந்து வருவேன். முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் ஆதலால் இரண்டு முறை போய்வந்தாலே நல்ல நடை. என் கப்பலில் இயந்திரம் பின்பக்கம் இருந்தது. அதனால் முன்முனையில் இரைச்சல் அறவே இல்லை. நீரைப் பிளக்கும் ஓசையும், அவ்வப்போது சிதறிப் பறக்கும் பறவைக்கோலா மீன்களும் மட்டுமே உண்டு.

ஐயா, நீங்கள் புவியியல் ஆசிரியர் என்பதால் சூயஸைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்கிறேன். கால்வாயின் நீளம் 193 கிலோமீட்டர். போர்ட் சையத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நுழைகின்றன. கப்பலைக் கட்ட நேர்ந்தால் கயிறு கொண்டுபோவதற்காக எகிப்தியப் படகோட்டிகள் தங்கள் படகோடு மேலேறி வருகிறார்கள். அவர்கள் நடைபாதையில் ஒரு துணியை விரித்துச் சிறு நினைவுப் பொருள்களை விற்பதும் உண்டு. மேற்குக் கரையில் பேரீச்ச மரங்களும் வயல்களும் ஊர்களும். கிழக்குக் கரையில் சினாயின் மணல். 2015இல் திறக்கப்பட்ட 35 கிலோமீட்டர் இணைக் கால்வாய்ப் பகுதியை அடைந்தபோது, எதிர்த்திசையில் வரும் கப்பல்கள் நீரே தெரியாமல் மணற்பரப்பின் மேல் நகர்ந்து போவதைக் கண்டேன். ஏறக்குறைய ஒரு முழுப் பகல் முழுவதும் பிரிட்ஜின் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். சாப்பாட்டைக்கூட ஸ்டூவர்டு அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்.

செங்கடலைத் தாண்டி ஏடன் வளைகுடாவுக்குள் போனதும், கடற்கொள்ளையர் அச்சத்தால் நிலைமை வேறு. தளத்தின் ஓரம் முழுவதும் முள்கம்பிச் சுருள்கள், வெளிக்கதவுகளுக்குப் பூட்டு, இரவில் சன்னல்களுக்கு இருட்டுத் திரை. அந்த நாள்களில் வெளியே நடக்க அனுமதி இல்லை.

துறைமுகங்களில் ஊர் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். கப்பல் நிற்பதே பல இடங்களில் ஒரு நாளுக்கும் குறைவு. முனையம் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கும். இணையமும் பெரும்பாலான நாள்கள் இல்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

மறுமொழி 2 – முத்துநகர்_மாலுமி

ஐயாவுக்கு வணக்கம். தூத்துக்குடிக்காரன், கன்டெய்னர் கப்பல்களில் சீஃப் ஆபீசராக, அதாவது கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரியாக, பணியாற்றுகிறேன். கிள்ளான் நண்பர் பயணியின் பக்கத்தை நன்றாக எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்; ஏனென்றால் பயணி தங்குவது எங்கள் பணியிடத்துக்குள்.

பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸ், பன்னிரண்டு பேருக்கு மேல் பயணிகளை ஏற்றும் கப்பலைப் பயணிகள் கப்பல் என்று வரையறுக்கிறது. அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் உயிர்காப்புப் படகுகள், தீத்தடுப்பு, கப்பலின் கட்டமைப்பு என்று எல்லாவற்றுக்கும் வேறு விதிகள் வந்துவிடும். ஆகவேதான் எந்தச் சரக்குக் கப்பலும் பன்னிரண்டுக்கு மேல் ஏற்றுவதில்லை. நடைமுறையில் இருவர் அல்லது நால்வர்தான் வருவார்கள்.

உடல்நலம் பற்றிய உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். கப்பலில் மருத்துவர் இல்லை. நூறு பேரையோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பலுக்குத்தான் மருத்துவர் கட்டாயம். எங்கள் கப்பலில் மொத்தமே இருபது, இருபத்தைந்து பேர். முதலுதவிப் பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர், மருந்துகள் அடங்கிய ஒரு சிறிய அறை, செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவைதாம் எங்களிடம் உள்ளவை. ரோம் நகரில் 1935 முதல் இயங்கும் சி.ஐ.ஆர்.எம். போன்ற மையங்களின் மருத்துவர்கள், கடலில் இருப்பவர்களுக்குத் தொலைத்தொடர்பு வழியாக ஆலோசனை தருகிறார்கள். அது பெரிய உதவி. ஆனால் மாரடைப்பு வந்து, கரை நான்கு நாள் தொலைவில் இருந்தால், ஆலோசனையால் ஆவது கொஞ்சம்தான். நிறுவனங்கள் மருத்துவச் சான்றிதழ் கேட்பதும், எண்பதை ஒட்டிய வயதோடு நிறுத்திக்கொள்வதும், கப்பலைத் திசைதிருப்ப நேர்ந்தால் ஆகும் செலவுக்குக் காப்பீடு கேட்பதும் இதனால்தான். இதயத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால், பயண நாள்களுக்கு இரு மடங்கு மருந்து எடுத்துவர வேண்டும்.

கப்பல் ஆடுவதைப் பற்றி அனைவரும் கேட்பார்கள். மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் இப்போது தங்கும் கட்டடம் நடுப்பகுதியைத் தாண்டி முன்னால் இருக்கிறது, இயந்திரம் பின்னால். அதனால் இயந்திர அதிர்வு குறைவு. ஆனால் எதிர்க்கடலில் முன்பக்கம் அலையில் மோதும் அடியை நன்றாக உணர்வீர்கள். பழைய அமைப்பில் இயந்திரத்துக்கு மேலேயே தூங்க வேண்டும். இரவும் பகலும் கட்டில் அதிரும். சுமையை எப்படி ஏற்றினோம் என்பதைப் பொறுத்தும் ஆட்டம் மாறும். அடிப்பாரம் மிகுந்த கப்பல் வெடுக்கென்று சாய்ந்து வெடுக்கென்று நிமிரும். பழகாதவர்களை அதுதான் படுக்கவைக்கும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். ரொட்டியோ சோறோ கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் தொடுவானத்தைப் பார்த்தபடி இருங்கள். கனத்த கடலில் ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். கப்பலின் இரும்புக் கதவு விரலைத் துண்டித்துவிடும். நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சைவ உணவு கப்பலைப் பொறுத்தது. இந்தியர் பணியாற்றும் கப்பலில் பருப்பும் சப்பாத்தியும் நாள்தோறும் உண்டு. பிலிப்பினோ சமையற்காரர் இருக்கும் கப்பலில், சோறும் முட்டையும் தாராளமாகக் கிடைக்கும். பிற எல்லாவற்றிலும் இறைச்சியோ மீனோ கலந்திருக்கும். கீரை, தக்காளி போன்றவை இரண்டாவது வாரத்தில் தீர்ந்துவிடும். அதன் பின் முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம்தான். முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு, ஊறுகாயும் பருப்புப் பொடியும் கையில் கொண்டுவாருங்கள். சமையற்காரரிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசுகிற பயணிக்கு எந்தக் கப்பலிலும் பட்டினி இல்லை.

பயணிகள் வருவதை நாங்கள் விரும்புகிறோம். பல மாதங்கள் அதே இருபது முகங்களைப் பார்ப்பவர்களுக்குப் புதிய மனிதர் ஒருவர் வருவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கரையில் உள்ளவர்களுக்குத் தெரியாது. ஆனால் துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறியிருக்கும் நேரத்திலும், நெருக்கடியான நீரிணைகளிலும் பிரிட்ஜில் பேசக் கூடாது. கேபின் கதவு மூடியிருந்தால், நண்பகலாக இருந்தாலும், தட்டக் கூடாது. எங்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு சட்டப்படி உண்டு. துறைமுகம் அடுத்தடுத்து வரும் நாள்களில் அந்த ஓய்வு துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

இப்போது இந்த வாய்ப்பு இருக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டு நிறுவனங்கள் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தின. அந்த ஆண்டின் இறுதியில், ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் ஏறக்குறைய 4 லட்சம் கடலோடிகள் கப்பல்களிலேயே சிக்கியிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். அந்த நிலையில் பயணிகளைப் பற்றி யார் நினைப்பார்கள்? பிறகும் மிகச் சில நிறுவனங்களே மீண்டும் இடம் தரத் தொடங்கின. அதற்குள் 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதால், பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கப்பல்களை நன்னம்பிக்கை முனை வழியாகத் திருப்பிவிட்டன. அதனால் ஐரோப்பா – ஆசியப் பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. சூயஸ் வழிப் பயணம் என்று யாரேனும் உங்களுக்கு உறுதி கொடுத்தால், அதை எழுத்தில் வாங்கினாலும் நம்ப வேண்டாம்.

மறுமொழி 3 – அலைவாய்

வணக்கம் ஐயா. கட்டணம் கொடுக்காமலேயே சரக்குக் கப்பலில் பல மாதங்கள் வாழ்ந்தவர்கள் தமிழ்க் குடும்பங்களில் கணிசமாக இருக்கிறார்கள். கப்பலுக்குப் போகிற அதிகாரிகளின் மனைவிமார்தாம் அவர்கள். என் கணவர் சீஃப் இன்ஜினீயர். திருமணமான புதிதில் அவருடன் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் ஏற்றும் பெரிய கப்பல்களில் சென்றிருக்கிறேன். பெண்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டதனால் எழுதுகிறேன்.

என்னை யாரும் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. கேபினில் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாம். துணி துவைக்கும் இயந்திரம், சிறிய உடற்பயிற்சி அறை, நூல்கள் கொஞ்சம் எல்லாம் உண்டு. இருந்தாலும் பல வாரங்கள் கப்பலில் நான் ஒருத்தி மட்டுமே பெண். நினைத்த நேரத்தில் இன்னொரு பெண்ணிடம் பேச முடியாது என்பது எனக்கு உள்ளூர மிகவும் பாரமாக இருந்தது. உங்கள் துணைவியார் உங்களுடனேயே வருவார் என்றாலும், அவருடைய விருப்பம் என்ன என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது உங்கள் ஆவலாக மட்டும் இருந்தால், மூன்று வாரம் அவருக்கு நீண்ட காலம்.

கன்டெய்னர் கப்பலுக்குக் கால அட்டவணை உண்டு. நிலக்கரி, இரும்புத்தாது போன்றவற்றை ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பலுக்கு அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்துக்கு வெளியே, இரும்புத்தாது ஏற்றுவதற்காக, எங்களைப் போன்ற பல கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. அங்கே கடல் ஏற்றமும் வற்றமும் ஏழு மீட்டர் வரை வேறுபடும். பாரம் ஏற்றிய கப்பல் ஏற்றத்தின் உச்சத்தில்தான் வெளியேற முடியும். இறங்கவும் முடியாது, நகரவும் இல்லை. கரையின் விளக்குகள் மட்டும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் எனக்கு அலுப்பு வந்ததே இல்லை. நின்றுகொண்டிருந்த அந்த நாள்கள்தாம் கடினமாக இருந்தன. பிறகு சரக்கு ஏற்றத் தொடங்கியதும் செந்நிறத் தூசி எங்கும் படியும். சன்னலைத் திறக்க முடியாது, வெளியே காயப்போட்ட துணி வீணாகிவிடும்.

துறைமுகத்தில் இறங்கும் வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் கடலோடிகளுக்கான நிலையங்கள் எங்களைக் காத்தன. 1856இல் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ் அமைப்பும் 1920இல் கிளாஸ்கோவில் தோன்றிய ஸ்டெல்லா மாரிஸ் அமைப்பும் பல துறைமுகங்களில் இத்தகைய நிலையங்களை நடத்துகின்றன. கப்பலடியிலிருந்தே வண்டியில் அழைத்துப் போவார்கள். அங்கிருந்து ஊருக்குப் பேசலாம், கடைக்குப் போகலாம். மதம் எது என்று யாரும் கேட்டதில்லை. அந்தத் தன்னார்வலர்களை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஒரு பொங்கல் இந்தியப் பெருங்கடலின் நடுவில் வந்தது. சமையற்காரர் கோவாவைச் சேர்ந்தவர். பொங்கல் என்றால் என்னவென்றே அறியாதவர். அடுப்பைச் சுற்றிலும் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டு, ஆடும் கப்பலில் பால் பொங்கி வழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பழகியவர் அவர்; பொங்கி வழிவதுதான் சடங்கே என்று நான் சொன்னபோது ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்றார். கடைசியில் அவரே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வழியவிட்டார். உக்ரைன் நாட்டுக் கேப்டன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எல்பேக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் மனைவியிடம் சகோதரியின் மறுமொழியைப் படித்துக் காட்டினேன். மூன்று வாரம் இயலாது, ஒரு வாரம் என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சரக்கும் ஏற்றிப் பயணிகளையும் ஏற்றும் குறுகிய கடல்வழிகள் எவையேனும் இப்போது உள்ளனவா? விசா தொடர்பாகவும் யாரேனும் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 4 – தீவுவழி

ஐயா, விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலோடிகளுக்குத் துறைமுகங்களில் கிடைக்கும் கரையிறங்கு அனுமதி பயணிக்குப் பொருந்தாது. கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருக்க வேண்டும். இறங்கப் போவதில்லை என்றாலும் நிறுவனங்கள் அதைக் கேட்பது வழக்கம். ஷெங்கன் பகுதியிலிருந்து, அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளிலிருந்து, சரக்குக் கப்பலில் புறப்படுபவர், துறைமுகக் காவலரிடம் வெளியேறும் முத்திரையைப் பெற்றுக்கொண்டோமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். விமான நிலையத்தைப் போல அங்கே வரிசையும் அறிவிப்புப் பலகையும் இருக்காது. கப்பல் நிறுவனத்தின் துறைமுக முகவரைத்தான் விடாமல் கேட்க வேண்டும்.

குறுகிய வழிகளில் பல மறைந்துவிட்டன. கேப் டவுனிலிருந்து செயின்ட் ஹெலினா தீவுக்கு ஐந்து நாளில் சென்றுகொண்டிருந்த சரக்கு – பயணிகள் கப்பல், தீவில் விமான நிலையம் இயங்கத் தொடங்கியதால் 2018இல் ஓய்வு பெற்றது. தாஹிட்டியின் பப்பீட்டே நகரிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்குப் போகும் அரானுய் 5 கப்பல் 2015 முதல் ஓடுகிறது. தீவுகளுக்கு உணவும் எரிபொருளும் இறக்கி, கொப்பரையை ஏற்றிக்கொண்டு திரும்பும். பயணம் சுமார் பன்னிரண்டு நாள். கட்டணம் மிக அதிகம். ரியூனியன் தீவிலிருந்து கெர்கலன் முதலிய தென்கடல் தீவுகளுக்குச் செல்லும் மரியோன் துஃப்ரேன் கப்பலில் சில சுற்றுலாப் பயணிகளுக்கும் இடம் தருகிறார்கள். ஆனால் அது ஒரு மாத அளவிலான பயணம், கடலும் கொந்தளிப்பானது.

உங்கள் துணைவியாரின் ஒரு வார வரம்புக்குள் அடங்குவது, நான் அறிந்தவரையில், சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு, அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, செல்லும் கப்பல்தான். ஏறக்குறைய மூன்று நாள். அதில் சென்றுவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது நூற்றுக்கணக்கானோர் செல்லும் பயணிகள் கப்பல், தீவுக்கான சரக்கும் கீழ்த்தளத்தில் ஏறும். பிரிட்ஜுக்குப் போய் நிற்கும் சலுகையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் சைவ உணவு கிடைக்கும், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை, இரண்டாம் நாள் எத்திசையிலும் கரை தெரியாத வங்கக் கடல் உண்டு. புறப்படும் தேதிகளைச் சில வாரங்களுக்கு முன்புதான் அறிவிப்பார்கள். இருவர் தங்கும் மேல்வகுப்புக் கேபின்கள் முதலில் தீர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்து, பிப்ரவரி அல்லது மார்ச்சில் போங்கள். அப்போது வங்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.